பவளத் தொட்டிக்கு எந்த விளக்கு? வாசகர் கேள்விகள்

கேள்வி: நன்னீர்ச் செடித் தொட்டிக்கு வாங்கிய 30 வாட் எல்இடி சும்மா கிடக்கிறது. உயிருள்ள பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டிக்கு மாட்டலாமா?

வேண்டாம். வாட் என்பது விளக்கு எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்பதை மட்டுமே சொல்லும். பவளத்தின் திசுவுக்குள் ஜூசாந்தெல்லே என்ற நுண்பாசி குடியிருக்கிறது. அது ஒளிச்சேர்க்கையில் தயாரிக்கும் உணவில் பெரும்பங்கு பவளத்துக்குப் போகிறது. நாம் விளக்கு வாங்குவதே அந்தப் பாசிக்காகத்தான். கடலில் சிவப்பு ஒளி மேல் சில மீட்டரிலேயே பெரும்பாலும் அடங்கிவிடும், ஆழத்துக்கு இறங்குவது நீலம். அதனால் நீலத்தில், அதாவது 420 முதல் 480 நானோமீட்டர் வரையிலான அலைநீளத்தில், வலுவாக இருக்கும் விளக்கைத் தேடுங்கள். செடி விளக்கில் மஷ்ரூம் பவளம் பிழைத்துக் கிடக்கலாம். நிறம் எடுக்காது, கண்ணாடியில் பாசிதான் செழிக்கும்.

கேள்வி: ஒளிச்சேர்க்கைக்கு உதவும் ஒளியை அளக்கும் பார் மீட்டர் விலை அதிகம். லக்ஸ் மீட்டர் போதாதா?

இதில் தவறினால் பவளம் கருகும், அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். லக்ஸ் மனிதக் கண்ணை வைத்து வகுத்த அளவு. நம் கண்ணுக்குப் பச்சை பளிச்சென்று தெரியும், நீலம் மங்கல். நீல எல்இடிக்குக் கீழே லக்ஸ் மீட்டர் குறைத்தே காட்டும்; அதை நம்பி வெளிச்சத்தைக் கூட்டிக்கொண்டே போவார்கள். பார் என்பது 400 முதல் 700 நானோமீட்டர் வரை வரும் ஒளித்துகள்களைக் கணக்கிடுவது. தெரிந்த தொட்டிக்காரர்களிடம் பார் மீட்டரை ஒருநாள் இரவல் வாங்கினாலே போதும். தண்ணீருக்குள் அடிமணல், பாறை நடு, பாறை உச்சி, மூலைகள் என்று அளந்து குறித்துவையுங்கள். பவள வகைகளுக்கு வேண்டிய பார் அளவு: மஷ்ரூமுக்கு 50 முதல் 100, ஸோவாந்தஸ், லெதர், ஹேமர், டார்ச் வகைகளுக்கு ஏறக்குறைய 80 முதல் 150, கிளைவிடும் கடினப் பவளமான அக்ரோபோராவுக்கு 200 முதல் 350. இரண்டு அளவுக்கு நடுவில் தடுமாறினால் குறைந்ததையே எடுங்கள். குறைந்த ஒளியில் பவளம் மெல்ல வாடும், திருத்த நேரம் கிடைக்கும். மிகுந்த ஒளி சில நாட்களில் வெளுக்க வைத்துவிடும்.

கேள்வி: சிங்கப்பூரில் இருக்கிறேன். புது எல்இடி மாட்டிய வாரமே ஹேமர் பவளம் வெளுத்துவிட்டது. தூக்கிப் போட வேண்டியதுதானா?

அவசரப்படாதீர்கள். திசு இருந்தால் உயிரும் இருக்கிறது. ஒளி மிஞ்சும்போது பாசியிடமிருந்து நச்சுத்தன்மையுள்ள ஆக்ஸிஜன் வகைகள் உண்டாகின்றன, பவளம் அந்தப் பாசியை வெளியேற்றிவிடுகிறது. விளக்கின் ஒளியைப் பாதி அளவுக்கும் கீழே குறைத்து, பவளத்தை நிழலான தாழ்ந்த இடத்துக்கு ஒரே ஒரு முறை மாற்றுங்கள், அப்புறம் தொடாதீர்கள். வாரத்தில் இரண்டு முறை மைசிஸ் இறாலைப் பொடித்துக் கொடுங்கள், பாசி திரும்பும்வரை அதுதான் சாப்பாடு. பழுப்பு நிறம் திரும்பிய பிறகு வாரத்துக்கு ஐந்து சதவீதம் போல் ஒளியைக் கூட்டலாம்.

கேள்வி: எத்தனை மணி நேரம் எரிய வேண்டும்?

எட்டு முதல் பத்து. டைமர் கட்டாயம். இரவு முழுக்க நீல விளக்கு வேண்டாம், பவளத்துக்கும் இருட்டு தேவை.

கேள்வி: தூத்துக்குடிக் கரையில் ஒதுங்கும் பவளத்தை எடுத்து வந்து வளர்க்கலாமா?

கூடாது. பாறை கட்டும் கடினப் பவளங்கள் அனைத்தும், கடல் விசிறியும், 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. செத்த துண்டை எடுப்பதும் குற்றமே. மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. மென்பவளம் வாங்குவதானாலும் எங்கிருந்து வந்தது என்று ரசீதில் எழுதித் தருபவரிடம் மட்டும் வாங்குங்கள். மென்பவளங்கள் பலவற்றுக்கு நடுத்தர வெளிச்சமே போதும், செலவும் குறையும்.