அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் "குடல்வால் தெரியவில்லை" என்று வந்தால் அப்பெண்டிசைட்டிஸ் (குடல்வால் அழற்சி) இல்லை என்று அர்த்தமா?

இல்லை. தெரியவில்லை என்பது வேறு, நன்றாக இருக்கிறது என்பது வேறு.

வலி எங்கே அதிகம் என்று நோயாளியையே ஒரு விரலால் காட்டச் சொல்லி, அங்கேயே லீனியர் புரோபை (தட்டையான முகமுள்ள ஸ்கேன் கருவியை) வைப்பது நல்ல தொடக்கம். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அழுத்த வேண்டும். 1986-இல் நெதர்லாந்து மருத்துவர் ஒருவர் விவரித்த இந்த முறைதான் இன்றும் அடிப்படை. அழுத்தினால் குடலும் வாயுவும் விலகும். முதுகெலும்பை ஒட்டிய சோவாஸ் தசையும் இடுப்பு ரத்தக்குழாய்களும் திரையில் வந்தால்தான் அழுத்தம் போதும். சடாரென்று கையை எடுத்தால் வலி பிடுங்கிவிடும்.

வீங்கிய குடல்வால், ஒரு முனை மூடிய குழாயாக, குறுக்குவெட்டில் வளையத்துக்குள் வளையமாகத் தெரியும். குடல்போல அசையாது, அழுத்தினாலும் நசுங்காது. விட்டம் 6 மி.மீ.க்கு மேல் இருந்தால் சந்தேகம் வலுக்கும். ஆனால் அளவை மட்டும் நம்பக் கூடாது. நல்ல குடல்வாலும் சிலருக்கு 7 மி.மீ. இருக்கும். சுற்றியுள்ள கொழுப்பு வெளுத்துத் தடித்திருக்கிறதா, உள்ளே நிழல் விழும் கல் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

பெருங்குடலுக்குப் பின்னால் ஒளிந்திருந்தாலோ, உடல் பருமனாக இருந்தாலோ, வாயு மறைத்தாலோ தவறிப்போகும். ஓட்டை விழுந்துவிட்டால் குழாயே சுருங்கி ஏமாற்றும். நுனியில் மட்டும் அழற்சி இருப்பதும் உண்டு. அதனால் நுனிவரை பார்க்காமல் "நார்மல்" என்று எழுதக் கூடாது.

சந்தேகம் நீடித்தால் சில மணி நேரத்தில் மறுபடி பரிசோதனை, அல்லது சி.டி.; கர்ப்பிணிகளுக்கு எம்.ஆர்.ஐ.