காலிப் பெட்டியை முதலில் தூக்கிப் பாருங்கள்

நுகர்வோர் கேள்வி-பதில்

விடுமுறை நெருங்கினால் வரும் கடிதங்கள் எல்லாம் ஒரே ரகம்: "சுமை இல்லாமல் போய் வர வேண்டும், அதற்கு என்ன வாங்கலாம்?" சுமையைக் குறைக்கக் கடைக்குக் கிளம்புகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இன்னும் ஆச்சரியம்தான். சரி, கடிதங்களுக்கு வருவோம்.

கேள்வி: ஒரு வாரப் பயணம். தோள்பை ஒன்று மட்டும் எடுத்துப் போக ஆசை. எனக்குக் கிடைத்த "அத்தியாவசியப் பட்டியலில்" 60 பொருள் இருக்கிறது. எதை விடுவது?

பதில்: அந்தப் பட்டியலை எழுதியவர் எதையோ விற்கிறவராகத்தான் இருப்பார். ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்து, இது இல்லாமல் போய் இறங்கினால் என்ன ஆகும் என்று கேட்டுப் பாருங்கள். "அங்கே கடையில் வாங்கிக்கொள்வேன்" என்பது பதிலானால் அது வீட்டிலேயே இருக்கட்டும். "மாட்டிக்கொள்வேன்" என்றால் பையில் போகட்டும். தேறுவது கொஞ்சம்தான்: பாஸ்போர்ட்டும் அதன் நகலும், இரண்டு வங்கி அட்டைகள் (இரண்டையும் ஒரே பர்ஸில் வைக்காதீர்கள்), தினமும் சாப்பிடும் மருந்து, பவர் கண்ணாடி, போன், சார்ஜர். பற்பசை தேறாது. குடை தேறாது. கழுத்துத் தலையணை நிச்சயம் தேறாது.

துணி விஷயத்தில் ஒரு வாரமும் மூன்று வாரமும் ஒன்றுதான். உடம்பில் ஒரு செட், கொடியில் ஒரு செட், பையில் ஒரு செட். உள்ளாடையும் காலுறையும் கூடுதலாக ஒன்றிரண்டு இருக்கலாம். "எதற்கும் இருக்கட்டும்" என்று கடைசி நேரத்தில் திணிக்கும் நாலாவது சட்டை, மடித்த மடிப்புக் கலையாமல் திரும்பி வரும். குளிரான இடமென்றால் கனத்த கோட்டு ஒன்றைவிட மெல்லிய இரண்டு அடுக்கு மேல். தேவைப்படாத நேரத்தில் ஒன்றைக் கழற்றலாம்.

கேள்வி: காற்றை உறிஞ்சி எடுக்கும் பிளாஸ்டிக் உறைகள் வாங்கினேன். துணி பாதியாகச் சுருங்கிவிட்டது. ஆனால் விமான நிலையத்தில் எடை அப்படியே காட்டுகிறதே?

பதில்: நீங்கள் வெளியேற்றியது காற்றை, துணியை அல்ல.

கேள்வி: "ஏர்லைன் அப்ரூவ்டு, கேபின் சைஸ்" என்று அட்டை தொங்கிய டிராலியை நம்பி வாங்கினேன். ஏறும் வாசலில் பெட்டியை நுழைத்துப் பார்க்கும் அளவுச் சட்டத்தில் நுழையவில்லை என்று தனிக் கட்டணம் வாங்கிவிட்டார்கள். கடைக்காரர், "மற்றவர்களுக்கெல்லாம் நுழைகிறதே" என்கிறார். தவறு யார் மீது?

பதில்: உங்கள் மீது இல்லை. இந்த அட்டையைப் பற்றி யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தேன், கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"அப்ரூவ்டு" என்றால் யாரோ ஒருவர் பார்த்து ஒப்புக்கொண்டதாகத்தானே அர்த்தம்? அப்படி எல்லா விமான நிறுவனங்களுக்கும் சேர்த்துப் பெட்டியைப் பார்த்து முத்திரை குத்தும் அமைப்பு எதுவும் கிடையாது. சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐயாட்டா சொல்லும் 56 × 45 × 25 செ.மீ. என்பது பொதுவான வழிகாட்டி மட்டுமே. நிறுவனங்கள் தங்கள் இஷ்டத்துக்கு அளவு வைத்துக்கொள்கின்றன. ஒன்று 55 × 40 × 20 என்று சொல்லும், அடுத்தது 23 வரை விடும், கட்டணம் குறைந்த நிறுவனங்கள் இன்னும் இறுக்கும். 2015-இல் ஐயாட்டாவே 55 × 35 × 20 செ.மீ. என்று ஓர் அளவைச் சொல்லி, அதற்கு "கேபின் ஓகே" என்று அடையாளமும் போட முன்வந்தது. இருக்கிற பெட்டியை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு இன்னும் சின்னதாக வாங்கச் சொல்கிறார்களா என்று எதிர்ப்பு கிளம்பியது. சில நாட்களிலேயே திட்டத்தை நிறுத்திவைத்தார்கள். சங்கத்தாலேயே முடியாததைப் பெட்டிக் கம்பெனியின் அட்டை சாதித்துவிட்டதாம்!

அடுத்த வித்தை அளப்பதில். பல அட்டைகளில் போட்டிருப்பது பெட்டியின் வெளிக்கூட்டின் உயரம் மட்டும். சக்கரமும் மேல் கைப்பிடியும் அதில் வராது. அவற்றால் மட்டும் மூன்று, நான்கு செ.மீ. கூடிவிடும். அளவுச் சட்டமோ சக்கரத்தையும் சேர்த்துத்தான் விழுங்க வேண்டும். ஆகவே கடைக்கு இஞ்ச் டேப்போடு போங்கள். பெட்டியை நிறுத்தி, தரையிலிருந்து மடக்கிய கைப்பிடியின் உச்சி வரை அளங்கள். முன்பக்கப் பையில் ஒரு துண்டைத் திணித்துவிட்டுத் தடிமனை அளங்கள். கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும். "இன்னும் விரியும்" என்று நடுவில் ஒரு ஜிப் வைத்திருப்பார்களே, அதைத் திறந்த அந்த நிமிடமே அது கேபின் பெட்டி இல்லை.

எடையை மட்டும் அட்டையில் தேட வேண்டியிருக்கும். எத்தனை லிட்டர் கொள்ளும் என்பது கொட்டை எழுத்தில், காலிப் பெட்டி எத்தனை கிலோ என்பது எறும்பு எழுத்தில். கைப்பைக்கு 7 கிலோதான் என்று வைத்திருக்கும் நிறுவனங்கள் நிறைய. மூன்று கிலோ பெட்டியை வாங்கினால், மீதி நாலு கிலோதான் உங்களுக்கு. சக்கரமில்லாத சாதாரணத் தோள்பை ஒரு கிலோ சுற்றுவட்டத்தில் கிடைக்கும். என்னிடமும் ஒரு டிராலி இருக்கிறது. உள்ளே சாட்டின் லைனிங், இரண்டு வலைப் பைகள், குறுக்கே கட்ட எலாஸ்டிக் பட்டை, விரலால் தள்ளினால் வழுக்கிக்கொண்டு ஓடும் எட்டுச் சக்கரம். அந்த ஓட்டத்தில்தான் மயங்கினேன். வீட்டுக்கு வந்து காலியாகத் தராசில் வைத்தால் கிட்டத்தட்ட நாலு கிலோ. இப்போது பரணில் பழைய போர்வைகளுக்குக் காவல் இருக்கிறது.

உங்கள் விஷயத்துக்கு வருவோம். அட்டை, ரசீது, கட்டணச் சீட்டு மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். டேப்பை வைத்து அளந்தபடி பெட்டியைப் படம் எடுங்கள். அட்டையில் 55 என்றும் டேப்பில் 59 என்றும் வந்தால் அது பொருளைப் பற்றிய தவறான தகவல். அதைச் சொல்லி எழுத்தில் பணத்தைத் திரும்பக் கேளுங்கள். எண் எதுவும் போடவில்லை என்றால், "எந்த நிறுவனம் அப்ரூவ் செய்தது?" என்று எழுதிக் கேளுங்கள். என்ன பதில் வருகிறது என்று எனக்கும் அனுப்புங்கள், அதைப் படிக்க நான் ஆவலாக இருக்கிறேன்.

கேள்வி: தள்ளுபடியில் 30,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் கிடைத்தது. கனமாக இருப்பதால் செக்-இன் பெட்டியில் போட்டுவிடலாமா?

பதில்: கூடாது. பவர் பேங்க் எதுவானாலும் கைப்பையில்தான் போக வேண்டும். லித்தியம் பேட்டரி சூடேறித் தீப்பிடித்தால், பயணிகள் இருக்கும் இடத்தில் யாராவது பார்த்து அணைக்க முடியும். சரக்கு அறையில் யார் பார்ப்பது?

அதோடு முடியவில்லை. விமானத்தில் கணக்கு எம்.ஏ.எச்.-இல் இல்லை, பேட்டரி தேக்கிவைக்கும் மின்சக்தியைச் சொல்லும் வாட்-அவரில். எம்.ஏ.எச்.-ஐ 3.7 வோல்ட்டால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் கிடைத்துவிடும். 20,000-க்கு 74 வாட்-அவர். 27,000-க்கு நூறைத் தொட்டுவிடும். உங்களுடையது 111. நூறு வரை பொதுவாகத் தடையில்லை. 100 முதல் 160 வரை நிறுவனத்தின் முன்அனுமதி வேண்டும். அதற்கு மேல் பயணியின் பையில் இடமே இல்லை. வாங்குவதற்கு முன்னால் இந்த ஒரு பெருக்கலைப் போட்டிருக்கலாமே? தள்ளுபடி என்றதும் ஏன் எல்லாருக்கும் கணக்கு மறந்துவிடுகிறது? வாட்-அவர் அச்சிடாத மலிவு ரகங்களைப் பரிசோதனையில் எடுத்து வைத்துக்கொள்வதும் உண்டு. ஒரு வாரப் பயணத்துக்கு 10,000 தாராளம்.

கேள்வி: 200 மில்லி பாட்டிலில் கால்வாசி ஷாம்புதான் மிச்சம். கைப்பையில் விடுவார்களா?

பதில்: விட மாட்டார்கள். கைப்பையில் போகும் திரவத்துக்கு 100 மில்லி வரம்பு என்பது பாட்டிலின் கொள்ளளவுக்கு, உள்ளே மிச்சம் இருப்பதற்கு இல்லை. 2006-இல் விமானங்களில் திரவ வெடிபொருள் வைக்கும் சதி லண்டனில் பிடிபட்ட பிறகு வந்த விதி இது. புதிய ஸ்கேனர்கள் வந்த சில விமான நிலையங்களில் தளர்த்தியிருக்கிறார்கள், ஆனால் திரும்பி வரும் விமான நிலையமும் தளர்த்தியிருக்க வேண்டுமே. அப்புறம், "டிராவல் சைஸ்" குட்டி பாட்டில்களை வாங்காதீர்கள். மில்லிக்கு எவ்வளவு ஆகிறது என்று பெரிய பாட்டிலோடு ஒப்பிட்டால் வயிறு எரியும். வீட்டில் காலியான சின்ன பாட்டில் ஒன்றைக் கழுவி அதில் ஊற்றிக்கொள்ளுங்கள். சோப்புக் கட்டி திரவம் இல்லை. அதுவே தலைக்கும் துணிக்கும் ஆகும்.

கேள்வி: இறங்கியபோது என் புதுப் பெட்டியின் ஒரு சக்கரம் அடியோடு பிய்ந்திருந்தது. விமான நிறுவனம் "சாதாரணத் தேய்மானம்" என்கிறது. கடைக்காரர் "அவர்கள் உடைத்தது, லைஃப்டைம் வாரண்டியில் வராது" என்கிறார். இரண்டு பக்கமும் கதவை மூடிவிட்டார்கள், சார்.

பதில்: வயிற்றெரிச்சலான விஷயம். இருவரும் ஒருவர் மேல் ஒருவர் கையைக் காட்டிவிட்டு உங்களை நடுவில் நிறுத்தியிருக்கிறார்கள். புதுப் பெட்டியின் சக்கரம் பிய்வதற்குப் பெயர் தேய்மானம் இல்லை. கீறல், அழுக்கு, லேசான நசுங்கல் என்றால் சரி, ஒப்புக்கொள்ளலாம்.

பெரும்பாலான சர்வதேசப் பயணங்களுக்குப் பொருந்தும் 1999 மாண்ட்ரியல் ஒப்பந்தப்படி, செக்-இன் செய்த பெட்டி அவர்கள் பொறுப்பில் இருக்கும்போது சேதமானால் நிறுவனம்தான் பொறுப்பு. பெட்டியிலேயே இருந்த குறைபாட்டால் சேதம் வந்தது என்றால் அந்த அளவுக்குத் தப்பிக்கலாம். எனவே, "குறைபாடு பெட்டியில்தான் என்கிறீர்களா, எதை வைத்துச் சொல்கிறீர்கள்?" என்று எழுத்தில் கேளுங்கள். அப்படித்தான் என்று எழுதிக் கொடுத்தால் அந்தக் கடிதமே கடைக்காரரிடம் காட்ட உங்களுக்கு ஆயுதம். இல்லை என்றால் பணம் அவர்கள் தர வேண்டும். எப்படிப் போனாலும் ஒருவர் மாட்டுவார்.

கெடுவை மட்டும் தவறவிடாதீர்கள். சேதப் புகார், பெட்டி கைக்கு வந்த 7 நாளுக்குள் எழுத்தில் போக வேண்டும். பெட்டி தாமதமாக வந்தால் அதற்கு 21 நாள். இழப்பீட்டின் உச்சவரம்பு 2024 டிசம்பர் 28 முதல் 1,519 எஸ்.டி.ஆர்.; சர்வதேச நிதியத்தின் கணக்கு அலகு அது, உங்கள் நாணயத்தில் எவ்வளவு என்று அன்றன்றைக்கு மாறும். அவ்வளவும் கிடைக்கும் என்று அர்த்தமில்லை, சேதத்துக்கு ஏற்றதுதான். மற்றவர்களுக்கும் சொல்லிவைக்கிறேன்: பெல்ட்டில் வந்த பெட்டியை அங்கேயே ஒரு சுற்று பாருங்கள். உடைந்திருந்தால் வெளியே போகும் முன்பே கவுண்டரில் புகார்ச் சீட்டு வாங்குங்கள். வெளியே போய்விட்டால் "வீட்டில் உடைந்திருக்கும்" என்பார்கள்.

"லைஃப்டைம்" யாருடைய ஆயுள் என்று வாரண்டி அட்டையில் படித்திருக்கிறீர்களா? பெரும்பாலும் பெட்டியினுடையது. அதன் ஆயுளை முடிவு செய்கிறவர் விற்றவர்.

கேள்வி: எல்லா நாட்டுக்கும் பொருந்தும் அடாப்டர் வாங்கிப் போனேன். ஹேர் டிரையர் போட்ட உடனே புகைந்துவிட்டது. அடாப்டர் கம்பெனி மீது வழக்குப் போடலாமா?

பதில்: போடுவதற்கு முன் டிரையரின் பின்னால் இருக்கும் எழுத்தைப் படியுங்கள். "120 வி." என்று மட்டும் இருந்தால் வழக்கு நிற்காது. அடாப்டர் பிளக்கின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்டேஜை மாற்றாது. வோல்டேஜ் இரண்டு மடங்கானால் சூடேற்றும் கம்பி நாலு மடங்கு சக்தியை இழுக்கும், பிறகு புகையாமல் என்ன செய்யும்? போன், லேப்டாப் சார்ஜர்களில் "100–240 வி." என்று இருக்கும், அவற்றுக்குப் பயமில்லை. டிரையரை விட்டுவிட்டுத் துண்டை எடுத்துப் போங்கள்.

கேள்வி: "சீக்கிரம் காயும்" பயணத் துணிகள் விலை அதிகமாக இருக்கின்றன. வாங்கத்தான் வேண்டுமா?

பதில்: முதலில் அலமாரியைத் திறங்கள். பாலியெஸ்டரோ நைலானோ கலந்த சட்டை ஏதாவது இருக்கும். இரவில் அலசி, உலர்ந்த துண்டில் சுருட்டி முறுக்கி, தொங்கவிடுங்கள். காலையில் காய்ந்திருந்தால் அது பயணத் துணிதான். பருத்தி தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும். ஜீன்ஸ் அதில் மோசம், கனமும் அதுதான். செயற்கை இழையில் ஒரு குறை, வியர்வை நாற்றம் சீக்கிரம் ஏறும். மெரினோ கம்பளியில் அந்தத் தொல்லை குறைவு, விலை மட்டும் தொல்லை.

முழங்காலில் ஜிப் வைத்து அரைக்கால் சட்டையாக்கும் பேன்ட்டை மட்டும் தொடாதீர்கள். ஆசைப்பட்டு வாங்கி அனுபவித்தவன் சொல்கிறேன். நடக்க நடக்க அந்த ஜிப்பின் விளிம்பு முட்டியைச் சுற்றி அறுக்கும். ஒரு காலைக் கழற்றி வைத்தால், மாட்டும்போது இடது எது வலது எது என்று தெருவில் நின்று தேட வேண்டும்.

கேள்வி: இடம் மிச்சம் பிடிக்க மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து ஒரே டப்பாவில் போட்டுக்கொண்டேன். சரிதானே?

பதில்: ஐயோ, வேண்டாம். பேரில்லாத மாத்திரை சுங்கத்திலும் சந்தேகம், அவசரத்துக்கு மருத்துவரிடம் காட்டினாலும் அவருக்குப் புரியாது. அட்டையோடு எடுத்துப் போங்கள், மருந்துச் சீட்டும் கூட இருக்கட்டும். அதில் கம்பெனிப் பெயர் மட்டும் இல்லாமல் மருந்தின் மூலப்பெயரும் இருக்கும்படி மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள், கம்பெனிப் பெயர் நாட்டுக்கு நாடு மாறும். போகிற நாட்டில் அந்த மருந்துக்குத் தடை உண்டா என்று தூதரகத்தில் கேட்டுவிடுங்கள். எல்லாம் கைப்பையில். செக்-இன் பெட்டியில் போட்டு அது வேறு ஊருக்குப் போய்விட்டால் என்ன செய்வீர்கள்?

கேள்வி: கைப்பைக்கு நம்பர் பூட்டு தேவையா?

பதில்: தலைமாட்டில் இருக்கும் பைக்கு எதற்கு? சாதாரணச் சுருள் ஜிப்பைப் பால்பாயின்ட் பேனா முனையால் பிளந்துவிடலாம், பூட்டு பூட்டியபடியே இருக்கும்.

கேள்வி: மூன்று நாள் பயணத்துக்கு மூன்று ஜோடி ஷூ அத்தியாவசியம் என்கிறார் என் கணவர். நீங்களே ஒரு தீர்ப்பு சொல்லுங்கள்.

பதில்: கனமான ஜோடியைக் காலில் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். மற்ற இரண்டும் அவருடைய பையில்தான் போக வேண்டும், உங்கள் பையில் ஒரு காலுறைக்குக்கூட இடம் கொடுக்காதீர்கள்.