இவ் மோந்தான் பாடகரா, நடிகரா? அவரை எங்கிருந்து பார்க்கத் தொடங்கலாம்?

கேள்வி: ‘ஜான் த ஃப்ளோரெத்’ பிரெஞ்சுப் படத்தில் அந்தத் தந்திரக்காரக் கிழவராக வரும் இவ் மோந்தான், ஒரு காலத்தில் பெரிய பாடகராமே? உண்மையா? அவருடைய பாட்டு, படம் இரண்டில் எதை முதலில் எடுப்பது?

பதில்: உண்மைதான். முதலில் அவர் பாடகர். சினிமாவில் தேறியது சில வருடத் தடுமாற்றத்துக்குப் பிறகு. அந்தத் தடுமாற்றத்துக்குக் காரணமே மேடையில் அவருக்கிருந்த திறமை என்பது என் கணிப்பு.

இயற்பெயர் ஈவோ லிவி. 1921 அக்டோபர் 13 அன்று இத்தாலியின் டஸ்கனியில், மோன்சும்மானோவில் பிறந்தார். அப்பா கம்யூனிஸ்ட். முசோலினி ஆட்களின் தொல்லையால் குடும்பம் மார்சேய்க்குக் குடிபெயர்ந்தது. அங்கே போட்ட துடைப்பப் பட்டறை நொடித்துப்போக, பையன் 11 வயதில் பள்ளிக்கு முழுக்குப் போட்டான். பாஸ்தா ஆலை, அக்காவின் சிகையலங்காரக் கடை, துறைமுகம் என்று கிடைத்த வேலையெல்லாம் பார்த்தான். தெருவில் விளையாடும் மகனை ‘ஈவோ, மோந்தா!’ (ஈவோ, மேலே ஏறி வா) என்று அம்மா கூப்பிடுவாராம். அந்தக் கூப்பாடுதான் மேடைப் பெயராயிற்று.

1939இல் மார்சேயின் அல்காசர் அரங்கில் ஏறியபோது அவரிடம் இருந்தது அமெரிக்கக் கௌபாய் பாவனை மட்டுமே. 1944இல் பாரிஸ் வந்து மூலன் ரூஜ் அரங்கில், புகழ்பெற்ற பாடகி எதித் பியாஃபுடன் ஒரே நிகழ்ச்சியில் பாடினார். கௌபாய்ப் பாட்டுகளை மூட்டை கட்டச் சொன்னவர் பியாஃப்தான். அடுத்த வருடமே பாரிஸின் எத்துவால் அரங்கில் தனி நிகழ்ச்சி.

அந்த மேடை முறை தெரியாவிட்டால் மோந்தானின் பாட்டு பாதிதான் புரியும். பழுப்பு நிறச் சட்டை, அதே நிறக் கால்சட்டை, கழுத்தில் டை கிடையாது. ஆலைத் தொழிலாளி ஞாயிற்றுக்கிழமை போட்டுக்கொள்வது போன்ற உடுப்பு. உடல் முழுக்க ஒரே நிறமாகிவிடுவதால் வெளிச்சத்தில் முகமும் இரண்டு கைகளும் மட்டும் துலங்கும். வாத்தியக்காரர்கள் மெல்லிய திரைக்குப் பின்னால். பியானோ பாப் காஸ்தெல்லா, 1947இல் சேர்ந்தவர், நாற்பது வருடத்துக்கும் மேல் கூடவே இருந்தார். கண்ணாடி முன்னால் நின்று, எந்தச் சொல்லுக்குக் கை எவ்வளவு எழ வேண்டும் என்பது வரை ஒத்திகை. ‘பாட்லிங் ஜோ’வில் குத்துச்சண்டைக்காரன், ‘லூனா பார்க்’கில் வேலை முடிந்து கேளிக்கைப் பூங்காவுக்கு ஓடும் தொழிலாளி என்று ஒவ்வொரு பாட்டிலும் ஒரு ஆள். அபிநயம் என்ற சொல்லை இங்கே தாராளமாகப் பயன்படுத்தலாம். ஒலித்தட்டை மட்டும் கேட்டுவிட்டு ‘குரல் சாதாரணமாகத்தானே இருக்கிறது’ என்பவர்கள் தவறவிடுவது இதைத்தான். காணொளியில் பார்த்துவிட்டு ஒலித்தட்டுக்குப் போங்கள்.

இந்தப் பலமே 1946இல் காலை வாரியது. இயக்குநர் மார்செல் கார்னேயின் ‘லே போர்த் த லா நுயி’, அன்றைய பெரிய நட்சத்திரங்கள் ழான் கபானுக்கும் மார்லீன் டீட்ரிச்சுக்கும் என்று திட்டமிட்ட படம். அவர்கள் விலகிக்கொள்ள, 25 வயதுகூட நிரம்பாத மோந்தானிடம் வேடம் வந்தது. கடைசி வரிசை வரை எட்டும்படி பழக்கிய உடம்பு, முகத்தருகே வரும் கேமராவில் மிகையாகத் தெரியும். போதாததற்கு, அது கபானின் களைத்த முகத்துக்கான பாத்திரம். படம் தோற்றது. ‘ஆட்டம் லீவ்ஸ்’ என்று உலகம் பிற்பாடு பாடிய ‘லே ஃபெய் மோர்த்’ (மெட்டு ழோசஃப் கோஸ்மா, வரிகள் ழாக் ப்ரெவேர்) பிறந்தது அந்தப் படத்தில்தான். ஆனால் படத்தில் அது துண்டுதுண்டாகத்தான் காதில் விழும்.

முடிச்சை அவிழ்த்தவர் இயக்குநர் ஆன்ரி-ழார்ழ் க்ளூசோ. ‘லே சாலேர் த லா பேர்’ (1953) படத்தில் நைட்ரோகிளிசரின் ஏற்றிய லாரியை ஓட்ட வேண்டும். ஒரு குலுங்கலில் எல்லாம் வெடித்துவிடும் என்கிறபோது கையை வீசி நடிக்க வழியில்லை. ஸ்டியரிங், வியர்வை, கண், அவ்வளவுதான். கதை தென் அமெரிக்காவில், படப்பிடிப்பு தெற்கு பிரான்சில்; மழையால் நின்று, மறு வருடம்தான் முடிந்தது. கான் திரைப்பட விழாவில் பெரும் பரிசு வாங்கியது. பார்க்கும்போது ஒரு கவனம்: 1950களில் அமெரிக்காவில் வெளியான பிரதியில், அங்குள்ள எண்ணெய்க் கம்பெனியைச் சாடும் பகுதிகளையும் சேர்த்து நிறைய வெட்டிவிட்டார்கள். இரண்டரை மணி நேரத்தை ஒட்டிய பிரதியாகப் பார்த்து எடுங்கள்.

1951இல் மோந்தான் நடிகை சிமோன் சிஞ்ஞோரேவை மணந்தார். இருவரும் இடதுசாரிகள். ஹங்கேரியில் சோவியத் டாங்கிகள் புகுந்த சில வாரங்களில், 1956 டிசம்பரில், சோவியத் பயணம் போனதால் பிரான்சில் பலமாக வாங்கிக் கட்டிக்கொண்டார். மாஸ்கோவில் சோவியத் தலைவர் குருஷேவிடமே ஹங்கேரி பற்றி வாதாடியதும் நடந்தது. பிறகு சோவியத் பக்கத்திலிருந்து மெல்ல விலகி, ‘லாவூ’ (1970) படத்தில் ஸ்டாலின் காலப் பிராக் வழக்கில் சித்திரவதைப்பட்ட ஆர்த்தூர் லண்டனின் வேடத்தை ஏற்றார். அதற்காகப் பத்து கிலோவுக்கு மேல் இளைத்தார். இயக்கம் கோஸ்டா-கவ்ராஸ். அதே இயக்குநரின் ‘ஸெட்’ (1969) படத்தை மோந்தானுக்காகவே பார்க்க உட்காராதீர்கள். சீக்கிரமே அவர் பாத்திரம் செத்துவிடும். மற்றபடி அருமையான படம்.

ஹாலிவுட் பக்கம் விட்டுவிடலாம். மர்லின் மன்றோவுடன் நடித்த ‘லெட்ஸ் மேக் லவ்’ (1960) படத்தில் ஆங்கில வசனத்தை ஒலியாக மனப்பாடம் செய்து ஒப்பித்தார். அதனாலேயே பேச்சு ஒரு பக்கம், முகம் ஒரு பக்கம்.

நான் போடும் வரிசை: முதலில் ‘லே சாலேர் த லா பேர்’, அடுத்து ‘செசார் எ ரோசாலி’ (1972). சத்தம் போடும், பீற்றிக்கொள்ளும், உள்ளுக்குள் பயந்த காதலன். அந்தப் பழைய மேடைக் கையசைவு திரையில் சரியாக உட்கார்ந்த இடம் இதுதான். பிறகு ‘லாவூ’. கடைசியில் ‘ஜான் த ஃப்ளோரெத்’தும் ‘மனோன் தே சூர்ஸ்’உம் (இரண்டும் 1986), இதே வரிசையில், இடையில் அதிக நாள் விடாமல். முதல் படத்தில் அவர் செய்யும் வஞ்சனைக்கான கணக்கு இரண்டாவதில்தான் தீர்கிறது. இந்தப் படப்பிடிப்புக் காலத்தில்தான், 1985 செப்டம்பர் 30 அன்று, சிஞ்ஞோரே இறந்தார். 1991 நவம்பர் 9 அன்று மோந்தானும் மாரடைப்பில் போனார், ‘ஐபி5’ படப்பிடிப்பின் முடிவில். தந்தைமை வழக்கு ஒன்றுக்காக 1998இல் உடலைத் தோண்டியெடுத்து மரபணுச் சோதனை செய்தார்கள். அவர் தந்தை இல்லை என்று முடிவு வந்தது.

பாட்டில் ‘லே ஃபெய் மோர்த்’தை இரண்டு முறை கேளுங்கள். முதலில் 1949 ஒலிப்பதிவு. அடுத்து 1981இல், அறுபதைத் தொடும் வயதில், பாரிஸின் ஒலிம்பியா அரங்குக்குத் திரும்பி வந்து பாடியது, இதைக் காணொளியாக. தொடக்க வரிகளை ஏறக்குறையப் பேச்சாகவே சொல்லிக்கொண்டு வருவார். மெட்டு எந்த இடத்தில் ஆரம்பித்தது என்று கண்டுபிடிக்க முடிகிறதா பாருங்கள்.