பாட்டுக்கு நடுவே ஒரு பேச்சு

வணக்கம். ஓபரா பற்றி நீங்கள் எழுதுவதை விடாமல் வாசிக்கிறேன். இத்தாலிய மொழி தெரியாது, இசைக்குறிப்பு வாசிக்க வராது என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். கேட்டு ரசித்துவிட்டுப் போகலாமே, எழுதுவதில் அப்படி என்ன இன்பம்?
எஸ்.

அன்புள்ள எஸ்.,

இரண்டும் இன்னும் தெரியாதுதான். ஆனால் எழுத உட்காரும்வரை, எதைக் கேட்டேன் என்பதே எனக்குச் சரியாகத் தெரிவதில்லை.

இத்தாலிய இசையமைப்பாளர் வெர்டியின் 'லா த்ராவியாத்தா' என்ற ஓபராவை, அதாவது பாடியே நடிக்கும் நாடகத்தை, எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் அங்கத்தில், காசநோயில் கிடக்கும் நாயகி வயலெட்டாவின் கையில் காதலனின் தந்தை எழுதிய கடிதம். அதை அவள் பாடுவதில்லை, பேச்சுக்குரலில் வாசிக்கிறாள். பின்னணியில் முதல் அங்கத்தின் காதல் மெட்டு வயலினில் சன்னமாக ஒலிக்கிறது. முதன்முறை அரங்கில் கேட்டபோது தொண்டை அடைத்தது, அவ்வளவுதான். மறுநாள் 'சோகமான காட்சி' என்று எழுதி அடித்தேன். 'உருக்கம்' என்று எழுதி அதையும் அடித்தேன். (இந்த இரண்டு சொற்களையும் தடைசெய்தால் இசை விமர்சனம் பாதி மெலிந்துவிடும்.) அப்புறம்தான் உறைத்தது. சண்டையைக்கூடப் பாடியே போடுகிற உலகத்தில் ஒருத்தி திடீரென்று வெறுமனே பேசுகிறாள். பாட்டு அவளைவிட்டு வயலினுக்குப் போய்விட்டது! சற்று நேரத்தில் மறுபடி பாடுகிறாள். ஆனால் அந்தப் பாட்டின் கடைசி ஸ்வரத்தை நூலிழைக் குரலில் பாடச் சொல்லிக் குறித்திருக்கிறார் வெர்டி. அந்த இழை, மைக் இல்லாமல், கடைசி வரிசைவரை வர வேண்டும். வந்தது.

இதைக் கண்டுபிடித்த அரை மணி நேரம் இருக்கிறதே, நிகழ்ச்சியைவிட அதுதான் எனக்குப் பிடித்திருந்தது என்றால் நம்புவீர்களா?

தப்பாக எழுதிவிடும் பயம் உண்டு. 1853இல் வெனிஸில் இதே ஓபராவின் முதல் நிகழ்ச்சி தோல்வி. நோயில் உருகிச் சாக வேண்டியவளாக நடித்த பாடகியின் பருமனைப் பார்த்துக் கூட்டம் சிரித்ததாம். தவறு என்னுடையதா பாடகர்களுடையதா, காலம் சொல்லும் என்று கடிதம் எழுதினார் வெர்டி. அடுத்த ஆண்டே அதே ஊரில், வேறொரு அரங்கில் வெற்றி. 1881இல் வியன்னாவின் பெரிய விமர்சகர் ஹான்ஸ்லிக், ரஷ்ய இசையமைப்பாளர் சாய்க்கோவ்ஸ்கியின் வயலின் கன்செர்ட்டோவை (தனி வயலினுக்கும் இசைக்குழுவுக்கும் எழுதிய இசை) கேட்டுவிட்டு, இசையின் நாற்றம் காதில் விழுகிறது என்கிற மாதிரி எழுதினார். இன்று அதை வாசிக்காத பெரிய வயலின் கலைஞர் அபூர்வம்.

நானும் ஒரு டெனரை (உயர்ந்த ஆண்குரலில் பாடுபவரை) 'மரக்கட்டை' என்று எழுதியிருக்கிறேன். இரண்டு வருடம் கழித்து அவரை மறுபடி கேட்டேன். அதே குரல்தான். எனக்குத்தான் அன்று தூக்கம். அந்தக் கட்டுரையை இன்னும் நீக்கவில்லை, கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறேன்.