வாசகர் கேள்வி: மிளகுச் சாறும் நிறமாலைக் கருவியும்

கேள்வி: ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் சில்வர் ஓக் மரத்தில் ஏற்றிய மிளகை மெத்தனாலில் சாறெடுத்து ஜிசி-எம்எஸ் (ஆவியாக்கிப் பிரித்து நிறை அளக்கும்) சோதனைக்குக் கொடுத்தோம். அறிக்கையில் மிளகின் காரப்பொருளான பைப்பரின் இல்லை. சிலாக்சேன் (சிலிக்கான் சேர்மம்) மூன்று இருக்கிறது. சாறு கெட்டுவிட்டதா?
- முதுநிலை வேதியியல் மாணவி, சேலம்

பதில்: சாற்றில் குறை இருக்காது. ஜிசி-எம்எஸ் ஆவியாகும் பொருளைத்தான் காணும். மிளகின் மணமான சபினீன், லிமோனீன், காரியோஃபில்லீன் எல்லாம் அதில் வரும். காரமான பைப்பரின் பிரிகைக் குழாய் 300 டிகிரியை நெருங்கும்போதுதான் அசையும். ஓவன் 250-லேயே நின்றிருந்தால் குழாய்க்குள்ளேயே தங்கிவிடும்.

சிலாக்சேன் மிளகுடையது அல்ல. குழாயின் உள்பூச்சும் செப்டமும் (ஊசி குத்தும் ரப்பர் அடைப்பு) சூட்டில் உதிர்ப்பது. 207, 281 நிறையுள்ள அயனிகள் அதன் அடையாளம். 149 தெரிந்தால் பெரும்பாலும் பிளாஸ்டிக்கிலிருந்து வந்த தாலேட் (அதை மென்மையாக்கச் சேர்ப்பது). வெறும் மெத்தனாலையும் ஒருமுறை ஓட்டி, அதில் வரும் பீக்குகளை (வரைபட முகடுகளை) உங்கள் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். இவற்றை 'மூலிகைச் சேர்மம்' என்று பட்டியலிடும் ஆய்வுரைகளுக்குப் பஞ்சமில்லை!

மிஞ்சும் பெயர்களையும் அப்படியே நம்பாதீர்கள். சபினீன், லிமோனீன், பைனீன் மூன்றின் நிறையும் 136; சபினீன், பைனீன் நிறமாலைகள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். கருவியிலுள்ள நிறமாலை நூலகத்தோடு 90 சதவீதம் பொருத்தம் என்பது போதாது. அதே ஓவன் நிரலில் ஆல்கேன் கலவையை ஓட்டி, ரிடென்ஷன் இன்டெக்ஸ் (குழாயிலிருந்து வெளிவரும் நேரத்தை ஆல்கேன்களை வைத்துக் குறிக்கும் எண்) கணக்கிட்டு, வெளியான மதிப்புகளோடு ஒப்பிடுங்கள்.

பைப்பரினுக்கு எல்சி-எம்எஸ் (ஆவியாக்காமல் திரவத்திலேயே பிரித்து நிறை அளப்பது). மிளகுப் பொடி 100 மி.கி., மெத்தனால் 10 மி.லி., அல்ட்ராசானிக் தொட்டியில் 30 நிமிடம், பிறகு 0.22 மைக்ரான் வடிகட்டி. மிளகில் பைப்பரின் 5 சதவீதம் வாக்கில் இருக்கும் என்பதால் ஆயிரம் மடங்காவது நீர்க்கச் செய்யுங்கள். இல்லையென்றால் டிடெக்டர் திணறும், அடுத்தடுத்த ஓட்டங்களிலும் பைப்பரின் எட்டிப்பார்க்கும். சி-18 குழாய், 0.1 சதவீத ஃபார்மிக் அமிலம் கலந்த நீரும் அசிட்டோநைட்ரைலும், பாசிட்டிவ் மோடு (நேர் அயனிகளை அளப்பது): 286-இல் தாய் அயனி, உடைந்து 201. கரைசலை அம்பர் குப்பியில் வையுங்கள். வெளிச்சம் பட்டால் பைப்பரின் அதே நிறையுள்ள, அமைப்பு மட்டும் வேறான ஐசோமர்களாக மாறி, புதுப் பீக்குகள் முளைக்கும்.

கேள்வி: காப்பிக்கொட்டையின் குளோரோஜெனிக் அமிலத்துக்கு க்யூ-டாஃப் (நிறையைத் துல்லியமாக அளக்கும் நிறமாலைக் கருவி) வேண்டுமா, ட்ரிபிள் குவாட் (குறித்த அயனிகளை மட்டும் அளப்பது) போதுமா?
- தோட்டக்காரர், ஏற்காடு

பதில்: முன்பின் தெரியாத சேர்மத்தைத் தேடத்தான் க்யூ-டாஃப். தெரிந்ததை அளக்க ட்ரிபிள் குவாட்: நெகட்டிவ் மோடில் 353, உடைந்து 191. ஆனால் 3, 4, 5 என மூன்று ஐசோமர்களுக்கும் 353தான். எவ்வளவு துல்லியமாக நிறை பார்த்தாலும் பிரியாது, குழாய்தான் பிரிக்க வேண்டும். 4-ஆம் ஐசோமர் 173-ஐ வலுவாகக் காட்டும்.

மொத்த அளவு மட்டும் போதுமென்றால் இரண்டுமே வேண்டாம். பச்சைக்கொட்டையில் அது தாராளமாக இருப்பதால், சாதாரண எச்பிஎல்சியில் (நிறை அளக்காத திரவப் பிரிகைக் கருவி) 325 நானோமீட்டர் புற ஊதா ஒளியில் அளந்துவிடலாம், செலவும் குறைவு.