வாசகர் கேள்வி – பதில்: சூப்பர்சார்ஜர் மாட்டும் முன்

கேள்வி: துபாயில் 2016 மஸ்டாங் ஜிடி, மேனுவல் கியர் வண்டி வைத்திருக்கிறேன். ட்வின்-ஸ்க்ரூ சூப்பர்சார்ஜர் (இரட்டைத் திருகால் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் கருவி) கிட் வாங்கியாயிற்று. 0.55 பார் பூஸ்டில் (கூடுதல் காற்றழுத்தத்தில்) 600 குதிரைத்திறன் எதிர்பார்க்கிறேன். எஞ்சினைத் திறக்காமலே மாட்டிவிடலாம் என்கிறார் மெக்கானிக். மாட்டலாமா?

பதில்: மாட்ட முடியும். ஆனாலும் முன் கவரைத் திறந்து ஆயில் பம்ப் கியரை மாற்றிவிட்டுத்தான் மாட்ட வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. இந்த 5.0 லிட்டர் வி8 எஞ்சினில் ஆயில் பம்ப், கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) முனையிலேயே உட்கார்ந்திருக்கிறது. அதன் கியர்கள் உலோகத் தூளை அழுத்திச் சுட்டுச் செய்தவை. சூப்பர்சார்ஜர் பெல்ட் இழுக்கும் சுமையும் அந்த முனையில்தான் விழும். ரெவ் லிமிட்டரில் (எஞ்சின் சுழற்சிக்கு வைத்த உச்ச வரம்பில்) முட்டும்போது கிராங்க் முறுக்கி அதிர, உள் கியர் விரிசல் விட்டு உடைகிறது. ஆயில் பிரஷர் போன சில நொடிகளில் பேரிங்குகளும் போய்விடும். முழு எஃகுக் கட்டியில் கடைந்த கியர் செட்டும் கிராங்க் ஸ்ப்ராக்கெட்டும் சேர்த்தே போடுங்கள். கிராங்க் புல்லி போல்ட் ஒருமுறைதான் பயன்படும், புதியது வாங்குங்கள்.

அடுத்தது பெட்ரோல். பூஸ்ட் எஞ்சினில் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு 270 கிராம் பெட்ரோல் என்று கணக்கு வையுங்கள். 600-க்கு 162 கிலோ. எட்டு இன்ஜெக்டருக்கும் (பெட்ரோலைப் பீய்ச்சும் முனைகள்) பிரித்தால் தலா 20 கிலோ சொச்சம். இன்ஜெக்டரை 85 சதவீத நேரத்துக்கு மேல் திறந்து வைக்கக் கூடாது என்பதால் நிமிடத்துக்குச் சுமார் 550 சிசி அளவு வேண்டும். கிட்டுடன் வந்ததன் அளவைப் படித்துப் பாருங்கள். பம்பும் அதற்கு ஈடுகொடுக்க வேண்டும். டேட்டாலாக்கில் (ஓடும்போது எஞ்சின் அளவீடுகளைப் பதிவதில்) முழு ஆக்சிலரேட்டரில் ஃப்யூயல் பிரஷர் சரிந்தால் அந்த ஓட்டத்தை அங்கேயே நிறுத்துங்கள். கலவையில் பெட்ரோல் குறைந்து நாக் அடித்தால் (கலவை கட்டுப்பாடின்றி வெடித்தால்) பிஸ்டன்தான் பலி. கலவையை 11:1 விகிதத்தில் அழுத்தும் (கம்ப்ரஷன்) எஞ்சின் என்பதால் நாக் ஆபத்து அதிகம். சூப்பர் 98 (98 ஆக்டேன்) தவிர வேறு பெட்ரோல் வேண்டாம்.

உங்கள் ஊர் வெயிலையும் கணக்கில் எடுங்கள். 45 டிகிரியில் உள்ளே போகும் காற்று, அழுத்தப்பட்டு வெளியே வரும்போது 110 டிகிரியை நெருங்கும். அந்தக் காற்றின் சூட்டைத் தணிக்கும் இன்டர்கூலரின் தண்ணீரைக் குளிர்விக்க முன்னால் பொருத்தும் ரேடியேட்டர் கிட்டில் சிறியதாக இருந்தால் பெரியதாக மாற்றுங்கள். துபாயில் தண்ணீர் உறையப் போவதில்லை. கூலண்டைக் குறைத்து டிஸ்டில்டு வாட்டரைக் கூட்டினால் வெப்பத்தை நன்றாக இழுக்கும். துரு தடுக்கும் அளவுக்குக் கூலண்ட் கட்டாயம் இருக்கட்டும். தொட்டி மூடியைத் திறந்து தண்ணீர் சுழல்கிறதா என்று பாருங்கள். அசையாமல் நின்றால் குழாயில் காற்று அடைத்திருக்கலாம்.

கேள்வி: சூப்பர்சார்ஜர் போட்ட பிறகு 5500 ஆர்பிஎம்முக்கு மேல் வண்டி திக்கித் திணறுகிறது. ட்யூனை (எஞ்சின் கம்ப்யூட்டரில் செய்த அமைப்பை) குறை சொல்லலாமா?

பதில்: முதலில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுங்கள். பூஸ்டில் சிலிண்டருக்குள் காற்று அடர்ந்துவிடுவதால், பழைய 1.3 மி.மீ. இடைவெளியைத் தீப்பொறி தாண்டாது. ஒரு படி கோல்டு பிளக் (சூட்டை வேகமாக வெளியேற்றும் வகை) போட்டு, இடைவெளியை ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் தகடு) 0.75 மி.மீ. வையுங்கள். பெட்டியில் வந்தபடியே மாட்டக் கூடாது.

கேள்வி: நான்காவது கியரில் மிதித்தால் எதிர்பார்த்த இழுவை இல்லை. கிளட்ச்சா, பெல்ட்டா?

பதில்: ஆர்பிஎம் துள்ளி ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச். கம்பெனி கிளட்ச் 540 நியூட்டன் மீட்டர் எஞ்சினுக்கானது; உங்கள் புதிய டார்க்கைத் தாங்கும் செட் போடுங்கள். ஆர்பிஎம்மும் வேகமும் சேர்ந்தே ஏறி, மேலே போகப் போக பூஸ்ட் மட்டும் இறங்கினால் பெல்ட் வழுக்குகிறது. புல்லியைச் சுற்றிக் கறுப்பு ரப்பர் தூள் படிந்திருக்கும். டென்ஷனரையும் (பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் பாகம்) புல்லிகளின் நேர்கோட்டையும் சரிபார்க்காமல் சின்னப் புல்லிக்குத் தாவினால் பெல்ட் இன்னும் அதிகமாக வழுக்கும். சுற்றும் பிடிப்பு அதில் குறைவு.