லீவில் வந்த மகனும் கட்சி பேனரும்: ராணுவ வீரர் அரசியல் பேசலாமா?

கேள்வி: என் மகன் ராணுவத்தில் நாயக்காக இருக்கிறார். நான் எங்கள் ஊரில் ஒரு கட்சியின் கிளைச் செயலாளர். பொங்கல் லீவில் வந்தவரை வரவேற்று, யூனிஃபார்ம் போட்ட அவர் படத்தையும் எங்கள் தலைவர் படத்தையும் சேர்த்து பேனர் வைத்தோம். கட்சியின் வாட்ஸ்ஆப் குழுவிலும் அவர் இருக்கிறார். அதில், நாலு வருடத்துக்கு மட்டும் படைக்கு ஆள் எடுக்கும் அக்னிபாத் திட்டத்தைத் திட்டி ஒரு வாய்ஸ் போட்டார். யாரோ அதை வெளியே அனுப்பிவிட, யூனிட்டில் கூப்பிட்டு விளக்கம் எழுதிக் கேட்டிருக்கிறார்கள். இதற்கிடையில் என் மனைவி உள்ளாட்சித் தேர்தலில் நிற்கப்போகிறார். மகன் லீவில் வந்து அம்மாவுக்காக இரண்டு தெருவில் ஓட்டுக் கேட்கக்கூடாதா? எல்லையில் நிற்கிறவனுக்குச் சொந்த ஊரில் வாய் திறக்க உரிமை இல்லையா?

வாசகர், வேலூர் மாவட்டம்

பதில்: ஐயா, உங்கள் கோபம் கடைசிக் கேள்வியில் இருக்கிறது, அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன். உங்களுக்கு இருக்கிற அளவுக்கு அவருக்கு உரிமை இல்லை. இது எந்தக் கர்னலும் தன் இஷ்டத்துக்குப் போட்ட தடை கிடையாது. பேச்சுரிமை தருகிற 19-ஆவது பிரிவு இருக்கும் அதே அரசியல் சட்டத்தில்தான் 33-ஆவது பிரிவும் இருக்கிறது. படைகளில் இருப்பவர்களின் அடிப்படை உரிமைகளைக் கடமைக்கும் ஒழுங்குக்கும் தேவையான அளவு நாடாளுமன்றம் குறைக்கலாம் என்கிறது அது. அதன்படி வந்தது ராணுவச் சட்டம் 1950, பிரிவு 21. அதன்கீழ் வந்தவை 1954-ஆம் ஆண்டு ராணுவ விதிகள். உங்கள் மகனைப் பிடிப்பவை அதில் 20, 21 என்ற இரண்டு விதிகள்.

விதி 20 அரசியல் பற்றியது. கட்சிக் கூட்டத்துக்கும் ஆர்ப்பாட்டத்துக்கும் போகக்கூடாது, பேசக்கூடாது, கட்சியில் சேரக்கூடாது, கட்சிக்குப் பணமும் கொடுக்கக்கூடாது. வேட்பாளராக நிற்பதோ, ஒரு வேட்பாளருக்காக எந்த வகையிலாவது வேலை செய்வதோ கூடாது. நாடாளுமன்றம், சட்டமன்றம் மட்டுமில்லாமல் உள்ளாட்சி அமைப்புகளையும் அந்த விதி பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. ஆகவே அம்மாவுக்காக ஓட்டுக் கேட்பது முடியாது. லீவில் இருந்தாலும், லுங்கி கட்டிக்கொண்டு போனாலும் முடியாது. டிஸ்சார்ஜ் ஆகும் நாள் வரை அவர் ராணுவச் சட்டத்துக்கு உட்பட்டவர்தான், லீவ் பாஸ் அதை மாற்றாது. அம்மா நிற்கலாமா என்றால் தாராளமாக நிற்கலாம். ராணுவச் சட்டம் அவரையும் உங்களையும் தொடாது. நோட்டீஸில் 'ராணுவ வீரரின் தாய்' என்று போட்டு மகன் படத்தை ஒட்டாமல் இருந்தால் சரி.

விதி 21 பேச்சும் எழுத்தும் பற்றியது. அரசியல் விஷயத்தையோ படை சம்பந்தப்பட்ட விஷயத்தையோ முன் அனுமதி இல்லாமல் எந்த வடிவத்திலும் வெளியிடக்கூடாது, நேராகவோ சுற்றி வளைத்தோ பத்திரிகைக்குக் கொடுக்கவும் கூடாது. அக்னிபாத்தைப் பாருங்கள்: 2022 ஜூனில் அறிவித்தபோது ரயில் எரிகிற அளவுக்கு அரசியலான விஷயம். ஆள் எடுப்பு என்பதால் படை விஷயமும்கூட. ஒரே வாய்ஸில் இரண்டு கோட்டையும் தாண்டியிருக்கிறார். 'குழுவுக்குள் போட்டதுதானே, வெளியீடு ஆகுமா' என்று வழக்கறிஞர் வாதாடலாம். வாதமாக அது நல்ல வாதம். ஆனால் அந்தக் குழுவில் அவர் இருந்ததே விதி 20-ஐ இழுத்துவரும். முதல் வேலையாக அவரைக் குழுவிலிருந்து வெளியே வரச் சொல்லுங்கள்.

பேனர் உங்கள் தப்பு, அவருடையது இல்லை. ஆனால் விளக்கம் எழுதப்போவது அவர். நம் ஊரில் ஃப்ளெக்ஸ் அடிக்கிற கடையில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும். டிசைன் பண்ணுகிற பையன் கட்சித் தலைவர்களின் தலையை மேலே வரிசையாக வைப்பான், நடுவில் பட்டாளத்துக்காரர் சல்யூட் அடிக்கிற படத்தைப் பெரிதாக வைப்பான். அவனைப் பொறுத்தவரை காலி இடத்தை நிரப்பினான், அவ்வளவுதான். பார்க்கிறவர் கண்ணுக்கோ படையே அந்தத் தலைவருக்கு சல்யூட் அடிக்கிற மாதிரி இருக்கும். 2019 நாடாளுமன்றத் தேர்தல் சமயத்தில் தேர்தல் ஆணையம் எல்லாக் கட்சிகளுக்கும் இதையேதான் சொன்னது, ராணுவத்தினர் படத்தை விளம்பரத்திலும் பிரசாரத்திலும் போடாதீர்கள் என்று. ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்ற பேதம் இதில் இல்லை.

சரி, எதற்கு இவ்வளவு கெடுபிடி? வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்ட் சென்டரில் பயிற்சி முடித்தவர்களின் வீட்டில் 'கசம் பரேட்' என்ற பேச்சைக் கேட்டிருப்பீர்கள். கசம் என்றால் சத்தியம். சட்டப்படி நிறுவப்பட்ட இந்திய அரசியல் சட்டத்துக்கு உண்மையாக இருப்பேன், குடியரசுத் தலைவரின் கட்டளைக்கும் எனக்கு மேலே நியமிக்கப்பட்ட அதிகாரியின் கட்டளைக்கும் உயிருக்கே ஆபத்து என்றாலும் கீழ்ப்படிவேன் என்பது அந்த உறுதிமொழியின் சாரம். பிரதமர் பெயரோ ஆளுங்கட்சியின் பெயரோ அதில் எங்கேயும் வராது. நாளைக்கு ஆட்சி மாறினால் அவர் மறுபடி சத்தியம் செய்ய வேண்டியதில்லை. மே மாதம் வரை ஒரு கட்சி, ஜூனில் இன்னொரு கட்சி என்றாலும் அதே துப்பாக்கி, அதே கீழ்ப்படிதல். அவர் எந்தப் பக்கம் என்று ஊருக்கே தெரிந்துவிட்டால், ஜெயித்த மறுபக்கம் அவரை நம்பத் தயங்கும். பக்கத்து பங்க்கரில் இருக்கும், வேறு கட்சிக்கு ஓட்டுப் போடும் தோழரும் தயங்குவார். எனக்கு இரண்டாவதுதான் பெரிய ஆபத்தாகப் படுகிறது.

1947-ல் ஒரே படையைத்தான் இரண்டாகப் பிரித்தார்கள். பாகிஸ்தானில் 1958, 1977, 1999 என்று தளபதிகள் ஆட்சியைப் பிடித்தார்கள். இங்கே தளபதியின் மாளிகையாக இருந்த தீன் மூர்த்தி பவனில் பிரதமர் குடியேறினார். 1955-ல் 'கமாண்டர் இன் சீஃப்' என்ற பதவிப் பெயரையே எடுத்துவிட்டு முப்படைத் தளபதிகளையும் 'சீஃப் ஆஃப் ஸ்டாஃப்' என்றாக்கினார்கள். 1998 டிசம்பரில் கடற்படைத் தளபதி விஷ்ணு பகவத்தைப் பதவியிலிருந்தே நீக்கியது அன்றைய அரசு. அது சரியா தப்பா என்று இன்றும் சண்டை போடலாம். ஆனால் ஒரு கப்பல்கூட அசையவில்லை.

உங்களுக்கும் ஒரு கோடு இருக்கிறது, கிளைச் செயலாளர் என்பதால் சொல்கிறேன். அக்னிபாத்தை, பாதுகாப்பு பட்ஜெட்டை, எல்லைக் கொள்கையை நீங்கள் மேடை போட்டு எவ்வளவு வேண்டுமானாலும் திட்டலாம். 'படைவீரர்களே, இந்த அரசின் உத்தரவை மதிக்காதீர்கள்' என்று பேசிவிடாதீர்கள். வீரரைக் கடமையிலிருந்து விலகத் தூண்டுவது, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 159-ன்படி ஆயுள் தண்டனை வரை போகக்கூடிய குற்றம். 1975 ஜூன் 25 அன்று டெல்லி ராம்லீலா மைதானத்தில், இந்திரா காந்தி ஆட்சியை எதிர்த்த ஜெயப்பிரகாஷ் நாராயண் படையினரிடம் கேட்டுக்கொண்டது, சட்டவிரோதமான உத்தரவுக்குக் கீழ்ப்படியாதீர்கள் என்றுதான். ராணுவச் சட்டமே 'சட்டப்படியான கட்டளை' என்றுதான் பேசுகிறது. இருந்தும் அந்தப் பேச்சையே ஒரு காரணமாகக் காட்டி அன்று இரவே நெருக்கடி நிலை கொண்டுவந்தார்கள்.

இதில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு, அதையும் மறைக்கவில்லை. சிப்பாய் ஒரு வாய்ஸ் போட்டால் விசாரணை. தளபதியாக இருந்தவர் ஓய்வு பெற்ற இரண்டாவது வருடம் கட்சி வேட்பாளராக நிற்கலாம், மந்திரியும் ஆகலாம். 2012-ல் ஓய்வு பெற்ற ஜெனரல் வி.கே. சிங் 2014-ல் காசியாபாத்தில் ஜெயித்ததைப் பார்த்தோம். நடுவில் இத்தனை வருடம் காத்திருக்க வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

இனி நடக்க வேண்டியதைப் பார்ப்போம். விளக்கத்தில் உண்மையை எழுதச் சொல்லுங்கள். 'போன் தம்பி கையில் இருந்தது' என்ற கதை வேண்டாம், வாய்ஸில் இருப்பது அவர் குரல். பேனர் அவருக்குத் தெரியாமல் வைத்தது என்றால் அதை நீங்களே ஒரு கடிதமாக எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். முதல் தடவை, ரகசியம் எதுவும் வெளியே போகவில்லை என்றால் பெரும்பாலும் கமாண்டிங் ஆபீசர் அளவிலேயே முடியும். மகன் நாயக் பதவியில் இருப்பதால் ராணுவச் சட்டம் பிரிவு 80-ன்படி அந்த அதிகாரி காவல் தண்டனை தர முடியாது, கண்டனம், அபராதம் போன்றவைதான் தரலாம். ஆனால் பிரிவு 63-ன்கீழ் கோர்ட் மார்ஷல் என்ற ராணுவ நீதிமன்றம் வரை போனால் ஏழு வருடம் வரை சட்டத்தில் இடமிருக்கிறது. பட்டாளத்தில் எல்லோரும் பயப்படுவது ரெட் இங்க் என்ட்ரிக்கு, அதாவது சர்வீஸ் பதிவேட்டில் சிவப்பு மையில் ஏறும் தண்டனைக் குறிப்புக்கு. நாலு சேர்ந்தால் வேலை போய் வீட்டுக்கு என்பார்கள். அது தானாக நடந்துவிடக் கூடாது, சர்வீஸ் முழுவதையும் பார்க்க வேண்டும் என்று 2015-ல் வீரேந்திர குமார் துபே வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கோர்ட் ஆஃப் என்கொயரி என்ற படைக்குள் நடக்கும் விசாரணை வைத்து அவர் பெயர் கெடும்படி ஏதாவது வந்தால், விதி 180-ன்படி முழுக்க உடனிருந்து சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்ய அவருக்கு உரிமை உண்டு. அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

சாப்பாடு, லீவ், சம்பளம் என்று சொந்தக் குறை இருந்தால் அதற்கு வாய் இருக்கிறது. பிரிவு 26-ன்படி படிப்படியாக மேலே புகார் தரலாம். 2017 ஜனவரியில் எல்லைப் பாதுகாப்புப் படை வீரர் ஒருவர் கருகிய ரொட்டியையும் தண்ணீர்ப் பருப்பையும் வீடியோ எடுத்துப் போட்டார், ஏப்ரலில் வேலை போயிற்று. அது வேறு படை, வேறு சட்டம், பாடம் ஒன்றுதான். அதையொட்டி ராணுவத் தளபதி, குறை சொல்ல ஒரு வாட்ஸ்ஆப் எண்ணே கொடுத்தார். மேலே போகிற வழி அடைத்திருந்தால்தான் வீடியோ வரும் என்பது அவர்களுக்கும் புரிந்திருக்கிறது.

ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் விஷயத்தில் உத்தரவுகள் மாறிக்கொண்டே இருக்கும். 2020-ல் 89 ஆப்களை நீக்கும்படி ராணுவம் தன் ஆட்களுக்குச் சொன்னபோது ஒரு லெப்டினன்ட் கர்னல் டெல்லி உயர் நீதிமன்றம் போய்த் தோற்றார். இன்றைய உத்தரவு என்ன என்பதை யூனிட்டில் கேட்டுக்கொள்வதே நல்லது.

அப்புறம், ஓட்டு. அந்த உரிமையில் யாரும் கை வைக்கவில்லை. நாடாளுமன்ற, சட்டமன்றத் தேர்தல்களுக்கு அவர் சர்வீஸ் வாக்காளராகப் பதிந்தால் வாக்குச்சீட்டு மின்னணு முறையில் யூனிட்டுக்கு வரும், பிரிண்ட் எடுத்துக் குறித்துத் தபாலில் அனுப்பலாம். இல்லையென்றால் படிவம் 13எஃப் கொடுத்து ஊரில் ஒருவரைப் ப்ராக்ஸியாக வைக்கலாம். அவர் பூத்துக்கே வந்து இவருக்காகக் குத்துவார், மையை இடது கை நடுவிரலில் வைப்பார்கள். அந்தப் ப்ராக்ஸி நீங்களாகவே இருக்கலாம். இருந்தால், மகன் எந்தச் சின்னத்தைச் சொன்னாரோ அதை அமுக்குங்கள், கிளைச் செயலாளரே.